அழிக்கவா?

சின்னமனூரில் சுபாஸ்ரீ கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். வைரஸுக்குப் பயந்து, இணையத்தை எப்போதும் சாண்ட்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள்தான் திறப்பாள். உள்ளே வந்தது எதுவும் வெளியே கசியாது. மூடும்போது, 'உள்ளே இருப்பதை அழிக்கவா?' என்று அது கேட்கும்.

ஓடைப்பட்டி விவசாயி அழகுமலை தினமும் மதியம் வானிலை பார்க்க வருவார். அவர் தோட்டத்துத் திராட்சை பழுத்திருந்தது. ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். சுபாஸ்ரீயின் செல்போனில் வானிலைப் பக்கம் வெயில் என்றது. சாண்ட்பாக்ஸுக்குள் அதே பக்கம் கனமழை என்றது.

“அழிச்சிரு ஆத்தா.”

“இதை அழிச்சா மழை நிக்குமாய்யா?”

“நேத்தும் மழைன்னுச்சு, நீ அழிச்சே. நின்னுச்சுல்ல?”

அவள் சிரித்தபடி அழித்தாள். பதினோரு நாள் அழித்தாள். பதினோரு நாளும் மேகமலையில் கறுத்த மேகம் கீழே இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் குடையோடு வந்தார்.

“நேத்தோட திராட்சை வெட்டு முடிஞ்சிருச்சு. இனி அழிக்காத ஆத்தா. பாவம், அந்த மழைய வெளிய விட்டுரு.”

சுபாஸ்ரீ முதன்முறையாக 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. அழகுமலை படியிறங்கிக் குடையை விரித்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை, அந்தக் குடையின் விளிம்பில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.