கவனிக்கவே மாட்டார்!

"ரெண்டும் எப்படிப் பொருந்துது பாத்தியாம்மா? அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி!"

பொது மேலாளருக்கு வாயெல்லாம் பல். மேஜைமேல் இரண்டு தாள்கள். ஒன்று, ஊழியர் கருத்துக்கணிப்பின் முடிவு. இன்னொன்று, யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேமராவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து எடுத்த கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தானாகவே வெளியே வந்துவிடும் என்பது அவருடைய புதுப் பைத்தியம்.

எதிரே உட்கார்ந்திருந்த மனிதவள அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தாள். கேள்விகளைத் தயாரித்தவளே அவள்தான்.

'உங்கள் மேற்பார்வையாளர் உங்களைக் கவனிக்கிறாரா?' என்ற கேள்விக்குப் பார்சல் கட்டும் பிரிவில் அத்தனை பேரும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்கள். ஒருவர் அதோடு நிற்காமல், 'கவனிக்கவே மாட்டார்!' என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தார்.

அந்தப் பிரிவில் கேமரா, மேற்பார்வையாளரின் மேஜையையும் அதை ஒட்டிய ஜன்னலையும் மட்டும்தான் பார்க்கும். தினமும் நாலு மணிக்கு மனுஷர் எழுந்து போய், ஜன்னலோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கிறார் என்று அது சொன்னது.

"கை நிறைய சம்பளம் வாங்கிட்டு வேடிக்கை பாக்கிறார்! ஜனங்க பாவம், நேர்ல சொல்ல பயந்து இதுல கொட்டியிருக்காங்க. நாளையிலேர்ந்து அவருக்கு அந்தப் பதவி கிடையாது. ஆர்டரை அடிச்சுடு."

"ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்."

"தாராளமா போ. கையும் களவுமா பிடிச்சுட்டு வா."

அவள் கீழே இறங்கிப்போய், அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நாலு மணி ஆனது.

"அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் ஜன்னலுக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வேடிக்கை பார்க்க ஒரு காக்கா கூடக் கிடையாது.

அடுத்த நொடி, அத்தனை பேர் பையிலிருந்தும் போன் வெளியே வந்தது. 'இங்கே போன் கூடாது' என்ற சிவப்பு போர்டுக்கு நேர் கீழேயே!

"வந்துட்டியாடா? தங்கச்சி எங்கே?"

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. அடுப்புப் பக்கம் போகக்கூடாது, சொல்லிட்டேன்."

மூட்டை தூக்குகிற ஆறடி ஆள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பல்லு விழுந்துடுச்சா? எங்கே, அப்பாவுக்கு ஈன்னு காட்டு!" என்று குழைந்துகொண்டிருந்தார்.

சுவரைப் பார்த்தபடியே மேற்பார்வையாளர் பலமாக இருமினார். போன்கள் மாயமாய் மறைந்தன. அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

அதிகாரி நேராக, எல்லாரும் 'டேப் அக்கா' என்று கூப்பிடுகிற, பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் அம்மாளிடம் போனாள்.

"அக்கா, அவர் உங்களைக் கவனிக்கிறதே இல்லைன்னு எல்லாருமா புகார் எழுதியிருக்கீங்களே?"

"புகாரா? ஐயையோ, பாராட்டியில்ல எழுதினோம்! முன்னாடி இருந்தவர் கண்கொத்திப் பாம்பா கவனிச்சுக்கிட்டே இருப்பாரு. பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு வந்து சேந்துச்சான்னு தெரியாம, கை ஒரு பக்கம் மனசு ஒரு பக்கம்னு, ஒரே விலாசத்தை ரெண்டு பெட்டியில ஒட்டியிருக்கேன் நான். இவர் தங்கமான மனுஷர் மேடம். கவனிக்கவே மாட்டாரு!"

"அந்த ஆச்சரியக்குறி..."

"நான் போட்டதுதான்" என்றார் அக்கா, வெட்கத்தோடு.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டாள். 'கவனித்துக்கொள்கிறாரா' என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். வரி நீளமாகப் போகிறது என்று நடுவிலே வெட்டிச் சுருக்கியதும் அவளேதான். அந்த வெட்டில் ஒரு நல்ல மனுஷரின் பதவியே போகப் பார்க்கிறது! உண்மையைச் சொல்லிக் காப்பாற்றலாம் என்றால், சிவப்பு போர்டு குறுக்கே நிற்கிறது.

மாடிக்குத் திரும்பினாள்.

"என்னம்மா, பிடிச்சியா?"

"தப்பு என் கேள்வியில இருக்கு சார். அவங்க..."

"கேள்வியை விடு. ஜன்னலுக்குப் போனாரா, இல்லையா?"

"போனார். ஆனா அதுக்கு அப்புறம்தான் அங்கே வேலை பறக்குது. தப்பான இடத்துக்குப் போற பார்சலும் அந்தப் பிரிவுலதான் ரொம்பக் கம்மி. இதுவும் நம்ம கம்ப்யூட்டர் கணக்குதான் சார்."

"இருக்கட்டுமே! வேலை நேரம்னா வேலை நேரம். அதுல ஒரு நிமிஷத்தைக்கூட நான்..."

அவருடைய போன் அடித்தது. கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். குரல் வெண்ணெயாக உருகியது.

"வந்துட்டியா தங்கம்? ஏன் இவ்வளவு லேட்டு? அப்பாவுக்கு இங்கே உயிரே இல்லை. கதவைப் பூட்டிக்கிட்டியா? சரிம்மா, முதல்ல ஏதாவது சாப்பிடு."

பேசி முடித்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

"ஆங், என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"வேலை நேரத்தை வீணாக்கறவங்களைப் பத்தி சார்" என்றவள், இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று, கீழே பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். சிவப்பு போர்டைக்கூட மறைக்கவில்லை.

மேலாளர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஆர்டரை அடிச்சுட்டியா?"

"இன்னும் இல்லை சார்."

"வேண்டாம். வேற ஒண்ணு அடி. ஜன்னலோரமா அவருக்கு ஒரு நல்ல நாற்காலி போடச் சொல்லி. பாவம், தினமும் எவ்வளவு நேரம்தான் நிப்பார் மனுஷர்!"