பிலோமினா ஓய்வு கேட்டாள்

அலைச்சறுக்குப் போட்டியில் ஏழு வருஷமாகப் பட்டம் பிலோமினா என்ற நண்டுக்குத்தான். கணவாய் மீனின் ஓட்டின் மேல் பக்கவாட்டில் நின்று, "ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டே பாய்ந்து வருவாள். அதை வீரமுழக்கம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். மார்க்கில் கடைசியாக வரும் நண்டுதான் நடுவர் நாரையாருக்கு மதியச் சாப்பாடு. அந்தப் பயம்தான் அவளுக்குக் கோச்.

இந்த வருஷம் அவள் வயிறு நிறைய முட்டை. பட்டம் வாங்கிய கையோடு, சாப்பிட்டு முடித்திருந்த நாரையாரிடம் போனாள்.

"ஐயா, இனிமே என்னால முடியாது. ஓய்வு குடுத்திடுங்க. புள்ளைங்களைப் பாத்துக்கிட்டு வளையிலேயே கிடக்கிறேன்."

"அதுக்கென்னம்மா, தாராளமா!" நாரையார் அலகைச் சிறகில் துடைத்துக்கொண்டார். "ஏழு வருஷம் உழைச்ச பொண்ணைச் சும்மா அனுப்பிடுவோமா? நாளைக்கே பிரிவு உபசார விருந்து வச்சிடலாம். பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம், நான் ஒருத்தன் போதும்."

பிலோமினா அந்த அலகையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கணவாய் ஓட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினாள்.

"பாத்துக்குங்க பசங்களா," என்றார் நாரையார் மற்ற நண்டுகளிடம். "பட்டம் வாங்கின அன்னிக்கே பயிற்சிக்குப் போறா! ஆட்டத்து மேல பக்தின்னா இதுதான்."