முப்பத்தெட்டுத் தடவை

“அவ எழுந்து வர்றதுக்குள்ள அதத் தூக்கிரு தம்பி” என்று சொல்லிக்கொண்டே காளிமுத்து முன்கதவைச் சாத்தினார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

ரொனால்ட் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தான். மலாக்காவில் தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையிலிருந்து டுரியான் துங்கால் வரைக்கும் வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தது, போன வருடம் தானே போட்டுக் கொடுத்ததைத் தானே எடுப்பதற்கு.

மகன் கவிநேசன் இன்டர்நெட்டில் கண்ட அசிங்கத்தையும் பார்க்காமல் இருக்க ஒரு காவல் புரோகிராம் போடச் சொன்னவர் இதே மனிதர்தான். அதோடு விட்டாரா? கோயில் தலைவர் என்ற முறையில் திருவிழா மேடையில் ஏறி, பிள்ளைகளைக் கெடுக்கும் குப்பை என்று அரை மணி நேரம் முழங்கினார்.

“நானே எடுத்துப் பாத்தேன். அந்தக் குப்பைத்தொட்டி படத்துக்குள்ள இழுத்துப் போட்டேன். போகமாட்டேங்குதுலா.”

“அது வெறும் ஐகான் அங்கிள். புரோகிராம் உள்ளதான் இருக்கும். கன்ட்ரோல் பேனல்ல போய்த்தான் எடுக்கணும்.”

எடுப்பதற்கு முன், அது தடுத்த சொற்களின் பட்டியலைத் திறந்தான். எந்தச் சொல்லில் ஆள் மாட்டினாரோ அந்தச் சொல்லையும் நேரத்தையும் மட்டும்தான் அது குறித்து வைக்கும். கூடச் சேர்த்து அடித்ததெல்லாம் அதற்குத் தேவையில்லை.

திரை நிறைய ஒரே சொல். பிரெஸ்ட். பெண்ணின் மார்பைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல், இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டுத் தடவை. அத்தனையும் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம்.

ரொனால்ட் திரும்பிக் காளிமுத்துவைப் பார்த்தான். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, நீர் இலாகாவில் லாரி ஓட்டும் கௌரவமான ஆள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து தேடுவது இதை.

உள்ளறையில் அவர் மனைவி பவானேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். போன தடவை அந்த ஆன்ட்டி கையால் சாப்பிட்ட வடையை நினைத்தபோது அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

“கவிநேசன் இருக்கற வீடு அங்கிள். இத எடுத்துட்டா அவனும் எத வேணும்னாலும் பாக்கலாம்.”

“அவன்கிட்ட எதுவும் சொல்லிராத தம்பி. எஸ்பிஎம் சோதனைக்குப் படிச்சிட்டு இருக்கான்.” காளிமுத்து உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “இன்னொண்ணு. படம் வராம வெறும் எழுத்து மட்டும் வர்ற மாதிரி செய்ய முடியுமா? படம் அவ கண்ணுல பட்டுறக் கூடாது.”

செய்வது ஈனத்தனம், அதற்கு இவ்வளவு முன்யோசனை வேறு. வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வரலாமா என்றிருந்தது ரொனால்டுக்கு.

பட்டியலில் அந்தப் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை அடித்து, நீக்கச் சொன்னான். நிச்சயமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்த வீட்டில் அதற்காவது கேட்கத் தோன்றியதே என்று நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினான்.

விண்டோஸ் 95 அணைந்து மறுபடி வந்தது. படங்கள் வராதபடியும் செய்துவைத்தான்.

“முடிஞ்சது அங்கிள். அடுத்த வாட்டி வேற ஆளக் கூப்புட்டுக்குங்க.”

காளிமுத்து அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. மோடம் கத்தி ஓய்ந்து லைன் கிடைத்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அதே சொல்லை அடித்தார். இந்தத் தடவை எதுவும் தடுக்கவில்லை.

ஆள் பக்கத்தில் நிற்கும்போதே கொஞ்சமும் கூசாமல் அடிக்கிறாரே என்று ரொனால்டுக்கு உடம்பெல்லாம் அருவருத்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

பின்னாலிருந்து காளிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, கேன்சருக்கு மொத எழுத்து ‘கே’யா, ‘சி’யா?”