இரண்டு குவியல் தோல்

குரோம்பேட்டையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த செல்லியம்மாள், காலையில் உப்புப் போட்டு அவித்து வைத்த மொச்சைக்காய்ச் சட்டியைத் திறந்தாள். காலியாக இருந்தது. தரையில் விரித்த பேப்பரில் இரண்டு குவியல் தோல் கிடந்தது.

“யாரு வந்தது?”

“யாரும் இல்ல. நான்தான் துன்னேன்,” என்றான் அவள் கணவன் யேசுதாசன்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு குவியலா? மறுபடியும் கூட்டாளிய இட்டாந்து பாட்டில் தொறந்தியா?”

“சத்தியமா இல்ல.”

அருகில் போய் முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. குனிந்து தோலைக் கிளறினாள். ஒரு குவியலில் மட்டும் தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன.

“இப்டி செருகி வெக்கிறது எங்கப்பாதான். அவரா வந்தாரு?”

“உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

கிறிஸ்தவனைக் கட்டியதற்காக, ‘உன் வூட்ல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்’ என்று கல்யாணத்தன்று அனகாபுத்தூரே கேட்கச் சபதம் போட்டவர் அவர்.

“துன்னுட்டுத் தண்ணியாவது குடிச்சாரா?”

“எவ்ளோ சொல்லியும் கேக்கல. சபதம் சபதம்தானாம். விக்கிக்கினே போனாரு.”

செல்லியம்மாள் தோல்களை அள்ளினாள்.

“இனிமே உப்பு கம்மியாத்தான் போடணும்,” என்றாள்.