வெள்ளைச் சட்டை

"அவ கம்ப எனக்குத் தாங்க. என் கம்ப அவளுக்குக் குடுங்க" என்று முத்திசக்கி நடுவரிடம் கேட்டாள்.

எதிராளியின் கம்பை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அவளைச் சிலம்பத்தில் சேர்த்திருந்தார்கள். கேட்டால், 'நீ கள்ளி' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆனால் இப்போது சிலம்பம் கயிறு கட்டிய மேடைக்கு ஏறிவிட்டது. கம்பு நுனியில் சுற்றிய சிவப்புத் துணியை அதே நிறச் சாயத்தில் முக்கி ஆட வேண்டும். எதிராளியின் வெள்ளைச் சட்டையில் கறை விழுந்தால்தான் புள்ளி. ஜெயித்தவளுக்கு மாநில அணியில் இடம். முத்திசக்கியின் சட்டை முழுக்கச் சிவப்பு. அவள் விட்ட அடியெல்லாம் அரங்கமே கேட்க விழுந்தும், எதிரே நின்றவளின் சட்டை சலவையிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"இந்தாக்கா, பிடி" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் கம்பை நீட்டினாள்.

பாய்ந்து வந்து குறுக்கே நின்றவர் முத்திசக்கியின் பயிற்சியாளர் செல்வின். அவள் கம்பைச் சாயத்தில் முக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மானத்த வாங்காதளா. பேசாம ஆடு."

"அவளே குடுக்கா. நீங்க ஏன் சார் பதறுதிய?"

அவர் அவள் கம்பின் நுனியைப் பொத்திப் பிடித்தார். அவள் வெடுக்கென்று இழுத்தாள். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது, சிவக்கவில்லை.

தலைக்கவசத்தைக் கழற்றிக் கயிற்றில் மாட்டிவிட்டு இறங்கினாள்.

"போறதுன்னா போ. கம்ப வச்சிட்டுப் போளா!"

அவள் கம்போடுதான் வாசலைத் தாண்டினாள்.