சொந்த வீட்டு ரிப்பேர்

ருக்மிணி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அடுத்த வீட்டுத் தென்றல் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. வாங்கிப்போன டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று ருக்மிணிக்கு உயிரே போய்விட்டது.

"அய்யோ தென்றல்! என்னாச்சும்மா? ஆம்புலன்ஸுக்கு நைன் ஒன் ஒன் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணுமில்லைங்க ஆன்ட்டி. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்கறேனுங்க," என்றாள் தென்றல், கண்ணைத் திறக்காமலே. "இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."

ருக்மிணி பட்டனை அழுத்தினாள். சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்த டிராஷ் காம்பாக்டர், அதாவது குப்பையை அமுக்கிச் சின்னதாக்குகிற மெஷின், கடகடவென்று அலறியது. மூன்று வாரமாக இதே கூத்துதான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ருக்மிணியின் மகன் மாதவ் ஐசலின் என்கிற ஊரில் நடத்துவதே இந்த மாதிரி மெஷின்களை ரிப்பேர் செய்யும் கம்பெனி. ஆனால் பெற்ற தாய் வீட்டுக்கு அனுப்ப அவனிடம் ஆள் இல்லை. இருந்த மூன்று மெக்கானிக்குகளில் இரண்டு பேர் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள்; மிச்சமிருக்கும் ஒருவருக்கு மூச்சு விட நேரமில்லை. மாதவுக்குக் கம்ப்யூட்டர் தட்டத் தெரியும், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது.

"இப்ப மாடியில அவனோடதான் பேசிண்டிருந்தேன்," என்றாள் ருக்மிணி. "திங்கக்கிழமைக்குள்ள ஒரு நல்ல மெக்கானிக்கைக் காட்டலைன்னா பெரிய அபார்ட்மென்ட் கான்ட்ராக்ட் கேன்சலாம். அது போச்சுன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நாப்பது வயசுப் பிள்ளை போன்ல அழறான்மா. நான் எங்க போய் ஆள் தேடுவேன்? பிரிட்ஜ்வாட்டர் கோவில்ல வர்றவா போறவா எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்."

தென்றல் எழுந்து முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கினாள். "கராஜ்ல டூல்ஸ் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இருந்தது. ருக்மிணியின் கணவர் மகாதேவன் எப்போதோ தள்ளுபடியில் வாங்கி, இன்றுவரை பிரிக்காத பெட்டி. கூடவே கராஜ் கதவுக்குப் போடும் கிரீஸும் கிடைத்தது.

இருவரும் மெஷினை வெளியே இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். ருக்மிணியின் இடுப்பு தாங்கியது ஆண்டவன் புண்ணியம். தென்றல் அடியில் தலையை விட்டு, டார்ச்சை அங்கே காட்டுங்க, இங்கே காட்டுங்க என்று வேலை வாங்கினாள்.

"அமுக்குற தகடு ரெண்டு திருகுல எறங்குதுங்க ஆன்ட்டி. ஒரு பக்கத் திருகு காஞ்சு கெடக்குது. கீழ செயினும் தொளதொளங்குது. அதனால தகடு சாஞ்சு எறங்கி, சுவத்துல ஒரசுதுங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில ஒம்பது வருசம் இருந்தேனுங்க. மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இந்த நாட்டுக்கு வந்தப்புறம் ஸ்பேனரைத் தொடவே இல்லீங்க."

சொல்லும்போதே குரலில் ஒரு துள்ளல். திருகுகளைத் துடைத்தாள், கிரீஸ் தடவினாள், செயினை இழுத்து முறுக்கினாள். முக்கால் மணி நேரத்தில் மெஷின் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ருக்மிணி பயந்துகொண்டே பட்டனைத் தொட்டாள். மெஷின் மெல்ல முனகியது. உள்ளே ஒரு பால் டப்பா நசுங்குவதுகூடத் தனியாகக் கேட்டது.

ருக்மிணிக்குக் கண் கலங்கிவிட்டது. அலமாரியிலிருந்த ஐம்பது டாலர் கிஃப்ட் கார்டை எடுத்து அவள் கையில் திணிக்கப் போனாள். தென்றல் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாங்க ஆன்ட்டி. கூடவே கூடாதுங்க. ஒரு காப்பி போட்டுக் குடுங்க, போதும்."

கோயம்புத்தூர்க்காரர்களின் மரியாதையே தனிதான் என்று ருக்மிணி நினைத்துக்கொண்டாள். காப்பிக்குப் பாலை வைத்தவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஊரெல்லாம் தேடிய ஆள் சமையலறையில் நிற்கிறாள்! அடுப்பை அணைத்துவிட்டு மாதவை வீடியோவில் கூப்பிட்டாள்.

"டேய், இந்த மெஷினைப் பாரு. சத்தம் வர்றதா? நம்ம தென்றல் ரிப்பேர் பண்ணினா!"

மாதவ் நம்பவில்லை. செயினை எப்படி டைட் பண்ணினீர்கள், திருகைப் பார்த்தீர்களா என்று அவனுக்குத் தெரிந்த நாலு கேள்வியையும் கேட்டான். தென்றல் நாலுக்கும் பதில் சொல்லி, அவனுக்குத் தெரியாத ஐந்தாவதையும் சொன்னாள். மாதவ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தென்றல், மண்டே ஜாயின் பண்ண முடியுமா? பிளீஸ். சாலரி நீங்களே சொல்லுங்க. யூ வில் சேவ் மை கம்பெனி."

ருக்மிணி அவள் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. உன் பொண்ணை டேகேர்லேருந்து நான் கூட்டிண்டு வரேன். சமையல்கூட நானே பண்ணித் தரேன். உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு இல்லையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க." தென்றலின் முகம் ஒரு விநாடி விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"என் விசாவுல காசு வாங்கிட்டு வேலை பாக்கக் கூடாதுங்க ஆன்ட்டி."