பன்றி குளிக்காத நாள்

கோடையில் ஆறு வற்றியதும், யானை மணலைக் காலால் தோண்டி ஓர் ஊற்று எடுத்தது. அந்தக் கரையில் இருந்த காட்டுப்பன்றியும் அதில்தான் குடித்தது. உச்சி வெயிலில் உள்ளே இறங்கிப் புரண்டு குளிக்கவும் செய்தது.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து நாற்பது மான்கள் வந்தன. அங்கே குட்டை காய்ந்துவிட்டதாம். குட்டிகள் நாக்கு வறண்டு நின்றன.

“இருக்கிற தண்ணியே சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடுது. இதுங்களும் குடிச்சா நாம சாக வேண்டியதுதான். துரத்திவிடுங்க அக்கா!” என்றது பன்றி.

“அதை நாளைக்குப் பேசிக்கலாம் தம்பி. இன்னிக்கு மட்டும் நீ குளிக்காம இரு” என்றது யானை.

பன்றி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது. மான்கள் ஒவ்வொன்றாகக் கரையில் நின்றபடியே குடித்துவிட்டு நகர்ந்தன. பொழுது சாயும்போது பன்றி ஓடிவந்து எட்டிப் பார்த்தது. ஊற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பன்றி யானையின் முகத்தைப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் ஒரு குரங்குக் கூட்டம் தயங்கித் தயங்கி வந்தது. அரிப்புத் தாங்காமல் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த பன்றி திரும்பிப் பார்த்தது.

“வாங்க, வயிறு நிறையக் குடிங்க” என்றது. “ஆனா எவனாவது உள்ளே காலை வெச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!”